கட் சொன்ன பிறகு

இதனால் சகலமான கிறிஸ்தவ விசுவாசிகளுக்கும் அறிவிப்பது யாதெனில், கெய்ரோ மாநகரம் ஷுப்ரா வட்டாரத்தில், ஈஸ்டருக்கு முன் இறைச்சியே தொடக்கூடாத பெரிய நோன்பின் நட்ட நடுவே, ஒரு நடிகனின் ஆத்துமா நரகத்தின் வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டது. மற்ற காலையும் வைக்குமா என்று ஆராயச் சபைப் பெரியவர்கள் கோயில் முற்றத்தில் கூடித் தேநீர் குடித்தார்கள்.

அந்த ஆத்துமாவின் சொந்தக்காரன் வகீஹ் சித்ஹோம். தொலைக்காட்சித் தொடர்களில் காபி கொண்டுவந்து வைப்பவனாகவும், "ஐயா, போலீஸ் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு மறைபவனாகவும் தலை நரைத்தவன். வெள்ளிக்கிழமைகளில் வெள்ளை அங்கி போட்டுப் பீடத்தருகே நின்று பாடுகிறவனும் அவனே. இந்த வருஷ ரமலான் தொடரில்தான் அவனுக்கு முதன்முதலாக ஒரு பெரிய வேஷம் வாய்த்தது: சொத்துக்காக அண்ணனை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டு, அண்ணியையும் விட்டுவைக்காத தம்பி. முன்னோட்டம் வெளியானதுதான் தாமதம், வினை வீடு தேடி வந்துவிட்டது.

விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் வழக்கறிஞர் லபீப். நீதிமன்றத்தில் யாரும் அவரைப் பேச விடுவதில்லை. அந்தக் குறையை அவர் கோயிலில் தீர்த்துக்கொள்வார்; அங்கே அவர் எல்லோருக்கும் மரியாதைக்குரிய 'உஸ்தாத்'.

"பீடத்துப் பக்கத்துல நின்னு பாடுற வாய், அண்ணிக்கு முத்தம் குடுக்கலாமா?"

"முத்தமெல்லாம் இல்ல உஸ்தாத். கன்னத்தைத் தொடுறதோட சரி. அதையும் வெட்டிடுவாங்க."

"கொலை?"

"கீழ மெத்தை போட்டிருப்பாங்க."

"விதண்டாவாதம் பேசாத! பாவி வேஷம் போட்டா பாவம் ஒட்டாதா?"

"போன வருஷம் ஞாயிறு பள்ளி நாடகத்துல யூதாஸா நடிச்சது உங்க பையன்தானே உஸ்தாத்?"

"அது கோயில் நாடகம்!" என்றார் லபீப். பிறகு தகப்பன் மனசு கேட்காமல், "நல்லாவும் பண்ணான்," என்று சேர்த்துக்கொண்டார்.

தீர்ப்பு இதுதான்: பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியார் அபூனா சாரபமோன் சம்மதித்தால் ஒழிய வகீஹுக்கு அங்கியும் கிடையாது, நற்கருணையும் கிடையாது. மறுநாள் வெள்ளி, பூசை. சனிக்கிழமை காலை கொலைக் காட்சி. அபூனா மாட்டேன் என்றால் இரண்டில் ஒன்றை விட வேண்டியதுதான்.

வீட்டில் மனைவி ஈவோன் வேகவைத்த மொச்சையில் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு வைத்தாள். நோன்பு தொடங்கியதிலிருந்து அதேதான். "அபூனாகிட்ட போய் லபீப் மாதிரி வாதாடாத. உள்ளதைச் சொல்லு," என்றாள். வகீஹ் மொச்சையைக் கிளறிக்கொண்டிருந்தான். கொலைக்கும் அண்ணிக்கும் அவனிடம் பதில் இருந்தது. உள்ளது வேறு, அதை இவளிடம்கூட அவன் சொல்லவில்லை.

சாயங்காலம் கோயில் மூலையில் அபூனாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கிழவருக்கு முழங்கால் வலி; காலைப் பிடித்துவிட்டபடியே கேட்டார். கொலை, அண்ணி, பொய்ச் சத்தியம் என்று வகீஹ் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தான். அபூனா கொட்டாவி விட்டார்.

"கேமரா ஓடுறப்ப நீ செய்யறதெல்லாம் அந்தத் தம்பிக்காரனோட பாவம். அவன் வந்து சொல்லட்டும், கேட்டுக்கறேன். உன்னுது என்ன?"

வகீஹ் தரையைப் பார்த்தான்.

"புறா, அபூனா."

"எந்தப் புறா?"

கொலை முடிந்த கையோடு தம்பி உட்கார்ந்து விருந்து சாப்பிடும் காட்சியைப் போன வாரமே எடுத்துவிட்டார்கள். படப்பிடிப்பில் பிணம் விழுமுன்னே பந்தி நடந்துவிடும். வகீஹ் நோன்பில் இருக்கிறான் என்று அரங்கப் பொருள்களைக் கவனிக்கும் சமாஹ் அவனுக்காக மொச்சை மாவில் புறா உருவம் பிடித்துப் பொரித்துத் தருவாள். புண்ணியவதி, காலும் இறக்கையும்கூட வைப்பாள். அன்று அவசரத்தில் தட்டு மாறி, நிஜப் புறா வந்துவிட்டது. முதல் கடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கேமரா ஓடிட்டிருந்துச்சு. நிறுத்தினா காட்சி கெட்டுடும்னு மென்னேன்."

"சரி. அதுவும் தம்பி கணக்கு."

"அப்புறம் டைரக்டர் கட் சொன்னாரு. விளக்கை அணைச்சாங்க. எல்லாரும் எழுந்து போயிட்டாங்க." குரல் இறங்கியது. "நான் எழுந்திரிக்கல."

"எவ்வளவு?"

"எலும்பு மட்டும் மிஞ்சிச்சு."

அபூனா பிடித்துவிடுவதை நிறுத்தினார். "புறாவுக்குள்ள என்ன வச்சிருந்தாங்க? அரிசியா, பச்சைக் கோதுமையா?"

"பச்சைக் கோதுமை."

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். அது ஜெபமா, வேறு எதுவுமா என்று வகீஹுக்குத் தெரியவில்லை. பிறகு சிலுவையை எடுத்து அவன் தலையில் வைத்தார்.

"கட் சொன்ன பிறகு தின்னது நீ. அதுக்கு இந்த வாரம் முழுக்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நெத்தி தரையில படற மாதிரி விழுந்து கும்பிடு. நாளைக்கு அங்கி போட்டுக்கோ."

"லபீப் உஸ்தாத்?"

"அவரை நான் பாத்துக்கறேன். யாரு கட் சொன்னாலும் அவரு நிறுத்தமாட்டாரு."

வகீஹ் தெருவில் இறங்கினான். பேருந்துக்கு வழிவிடாமல் நின்ற வண்டிக்காரனை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அந்த வண்டிக்காரனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு பெரிய குவளை கரும்புச்சாறு வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். வீட்டில் ஈவோனிடம் புறாவைச் சொன்னான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பிறகு தனக்கு ஒரு காலாவது கொண்டுவந்திருக்கலாம் என்று கோபித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வெள்ளை அங்கியில் நின்று, இத்தனை வருஷத்தில் பாடாத அளவுக்கு உருகிப் பாடி, நற்கருணை வாங்கினான். லபீப் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அண்ணனை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றான்.