டெல்பர்ட்டின் மூன்று நிமிடம்

கில்மோர் க்ரீக் நகர மன்றத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்தான். குழு அறிக்கைகளை வாசிப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். தன் நேரத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது. இந்த விதிகளை எழுதியவள் மன்றத் தலைவி நாடீன் ஆர்கட். பன்றிப்பண்ணைத் தகராறில் இதே கூடத்தில் நாற்காலி பறந்து ஒருவரின் மண்டை உடைந்த பிறகு எழுதியது. அதன்பின் இங்கே யாரும் யார்மீதும் கை வைக்கவில்லை. அதனால்தான் அவள் விதியை இம்மியும் தளர்த்துவதில்லை. சொந்தத் தம்பி பேசும்போதே மைக்கை அணைத்தவள் அவள்.

மக்காச்சோள அறுவடை முடிந்திருந்ததால் நவம்பர் கூட்டத்துக்குக் கூடம் நிரம்பிவிட்டது. அன்றைய அறிக்கை ஊரின் இரவு ஆம்புலன்சை நிறுத்துவது பற்றியது. ஓட்டுவதற்குத் தொண்டர்கள் கிடைக்கவில்லை.

முதலில் எழுந்து வந்தவர் டெல்பர்ட் ஸ்ட்ரேயர். ஒரு காலத்தில் மாவட்டத்துக்கே மாட்டு ஏலம் விட்டவர். அவர் வாய் ஓடும் வேகத்துக்கு எதிரில் நிற்பவருக்கு மூச்சு வாங்கும். இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் அந்த வேகத்தைப் பறித்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைக்க வேண்டும்.

"அன்னிக்கு... ராத்திரி... சமையலறைல... விழுந்து..."

மேசைமேல் நேரம் காட்டும் பச்சை விளக்கு மஞ்சளாகி, சிவப்பானது. அவர் கதை இன்னும் ஆம்புலன்ஸ் வந்த கட்டத்தைக்கூட எட்டவில்லை.

"நேரம் முடிஞ்சது, மிஸ்டர் ஸ்ட்ரேயர்," என்றாள் நாடீன். தன் குரல் இவ்வளவு சன்னமாக ஒலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பின்வரிசையில் சலசலப்பு. "வெக்கமா இல்லயா?" என்று யாரோ கத்தினார்கள்.

அடுத்து ட்ரூடி கீஹோ. அவள் அப்பாவின் நிலத்தை வங்கிக் கடனுக்காக ஏலம் விட்டவர் இதே டெல்பர்ட்தான். அன்றிலிருந்து அவரைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுவாள்.

"என் மூணு நிமிஷத்த அவருக்குக் கொடுத்துடு, நாடீன்."

"விதியில இடமில்ல, ட்ரூடி."

"விதிய எழுதுனது யாரு? கடவுள்கிட்ட கட்டளை வாங்கிட்டு வந்த மோசேயா? நீதான!" கூடம் சிரித்தது. ட்ரூடி சிரிக்கவில்லை. "எனக்கு இந்த ஆள அறவே பிடிக்காது. அது ஊருக்கே தெரியும். ஆனா பாதியில உக்கார வைக்கிறது நியாயமில்ல."

நாடீனுக்குக் காது சூடேறியது. இவருக்காக விதியை வளைத்தால் அடுத்த மாதம் ஆளாளுக்கு வளைக்கச் சொல்வார்கள். வளைக்காவிட்டால்? டெல்பர்ட் ஊன்றுகோலைப் பிடித்தபடி இன்னும் மைக் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். உட்காருவதற்கும் அவருக்கு நேரம் பிடிக்கும்.

"விதிய இன்னிக்கு மட்டும் நிறுத்தி வைக்கலாம்," என்றாள். "ஆனா தலைமையில இருக்கிற நான் தீர்மானம் கொண்டுவர முடியாது. உறுப்பினர் யாராவது கொண்டுவரணும்."

கை தூக்கியவர் ஃபில் கான்ஸ். ஆம்புலன்சை நிறுத்தலாம் என்று அறிக்கை எழுதிய குழுவின் தலைவரே அவர்தான்.

"நான் கொண்டுவரேன்," என்றார், யாரையும் பார்க்காமல்.

மன்றத்தின் ஐந்து வாக்கில் நான்கு வேண்டும். மூவர் ஆதரித்தார்கள், ஒருவர் எதிர்த்தார். மிச்சம் நாடீன். அவள் கையைத் தூக்கினாள்.

டெல்பர்ட் பேசினார். ஆம்புலன்ஸ் உடனே வந்தது, இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் பேச்சு மொத்தமும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் ஃபில் பக்கம் திரும்பினார்.

"ஏலத்துல... சுத்தியல் விழுறதுக்கு முன்னாடி... மூணு தடவ கேப்போம். வேற யாராச்சும்... இருக்கீங்களான்னு. ஆளு இல்ல... ஆளு இல்லன்னு... எழுதிட்டீங்களே. எங்கள... ஒரு தடவயாச்சும்... கேட்டீங்களா?"

அறிக்கையை வாசிக்கும் முறை வந்ததும் ஃபில் எழுந்து நின்று, கையில் இருந்த தாள்களை ஒருமுறை பார்த்தார். "இத திரும்பக் குழுவுக்கே எடுத்துட்டுப் போக அனுமதி வேணும்," என்று மட்டும் கேட்டார். அனுமதி கிடைத்தது.

அந்த மாதம் குழு வீடு வீடாகக் கேட்டது. பயிற்சிக்கு ஐந்து பேர் முன்வந்தார்கள். அவர்களை வைத்து வாரத்தில் நான்கு இரவுகள்தான் வண்டி ஓட்ட முடிந்தது. மற்ற மூன்று இரவுகளுக்கு மாவட்டத் தலைநகரிலிருந்துதான் வர வேண்டும். வழியில் இருப்பதெல்லாம் பனி மூடிய சாலை. அந்த மூன்று இரவுகளை நினைத்தால் நாடீனுக்கு இன்றும் தூக்கம் வருவதில்லை.

டிசம்பர் கூட்டத்தில் விதி திருத்தப்பட்டது. அறிக்கை வாசித்த பிறகும் மக்கள் பேசலாம். பேசச் சிரமப்படுவோருக்குத் தலைவர் நேரத்தை நீட்டிக்கலாம். ஒருவர் எதிர்த்து வாக்களித்தார். அதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு, நாடீன் அடுத்த அலுவலுக்குப் போனாள்.