பழைய பெட்டியின் பின்பக்கத் திருகு

அமெரிக்காவில் இருக்கும் தம்பி லீவில் வந்தபோது ரமா டீச்சருக்குப் புடவையும் வாங்கி வரவில்லை, சென்ட் பாட்டிலும் வாங்கி வரவில்லை. ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். பார்க்க டைப்ரைட்டரின் முதுகை வெட்டி எடுத்த மாதிரி, வெறும் எழுத்துக் கட்டைகள் மட்டும் இருந்தன. டிவியில் சொருகினால் படம் வரும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். எந்த டிவியில் என்று சொல்லவில்லை. அங்கேதான் பிடித்தது சனி.

எண்பத்தாறாம் வருஷம் அது. ரமாவுக்கு அஸ்தினாபுரத்தில் வீடு, பம்மலில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. கம்ப்யூட்டர் வகுப்புக்கு மாடி அறையைக் கொடுங்கள் என்று இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். கரஸ்பாண்டென்ட் ஸ்ரீநிவாசராகவன் கடைசியில் நாள் குறித்தார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரேன். ஓடறதைக் கண்ணால பார்த்தா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா டைப்ரைட்டிங் கிளாஸுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது."

பள்ளியில் டிவி கிடையாது, ரமா வீட்டிலும் கிடையாது. பள்ளிக்கு எதிர்வீட்டு துரைராஜ், நிலத்தை மனை போட்டு விற்றவர், புதுசாகக் கலர் டிவி வாங்கியிருந்தார். புதன்கிழமை பள்ளி விட்டதும் ரமா கம்ப்யூட்டரோடு அங்கே போய் நின்றாள். துரைராஜின் மனைவி பச்சையம்மா டிவி மேல் போட்டிருந்த பூத்துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

ரிச்சி தெருவில் வாங்கிய கரண்ட் குறைக்கும் பெட்டியை மாட்டி, ஒயரைச் சொருகி, ரமா ஸ்விட்சைப் போட்டாள். எழுத்து வந்தது. வந்த எழுத்து நிற்கத்தான் இல்லை. கீழேயிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. கலரையும் காணோம்.

டிவி மெக்கானிக் சிட்டிபாபுவை அழைத்து வந்தார்கள். அவன் டீயைக் குடித்து முடித்துத் தீர்ப்புச் சொன்னான். "அமெரிக்கா சாமான் நம்ம ஊருக்கு ஒத்துக்காது டீச்சர். மிஷின் அவுட்."

ரமாவுக்கு அது மனசில் ஒட்டவில்லை. கெட்டுப்போன சாமான் தாறுமாறாக அல்லவா ஆடும்? இது ஒரே சீராக ஓடுகிறதே, ஏன்? அந்தக் கேள்வி அவளைக் குடைந்தெடுத்தது. மறுநாள் வகுப்பில்லாத நேரத்தில், கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை வரி விடாமல் படித்தாள். அந்த ஊர் டிவி நொடிக்கு அறுபது தடவை படம் போடுமாம். நம் ஊர் டிவிக்கு ஐம்பதுதான் கணக்கு. அது அறுபது அனுப்ப, இது ஐம்பது வாங்கினால், படம் ஓடாமல் என்ன செய்யும்? காரணம் பிடிபட்டதில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வைத்தியம்தான் புத்தகத்தில் இல்லை.

சாயங்காலம் கலர் டிவியை மறுபடி போட்டுவிட்டு, எதிரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பச்சையம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், இது எங்க பழைய டிவிக்குத் தெனமும் வர்ற சீக்குதானே. பக்கத்துல தோல் பதம்போடற ஷெட்டுல மோட்டார் போட்டா கரண்டு கொறைஞ்சி படம் ஓட ஆரம்பிச்சிடும். பின்னாடி ஒரு திருகு கீது. புட்சித் திருப்புனா நின்னுடும்."

ரமா எழுந்து கலர் டிவியின் பின்னால் தடவிப் பார்த்தாள். அப்படி ஒரு திருகே அதில் இல்லை. "பழைய டிவி எங்க?"

"கலர் டிவிலயே வராதது அந்த ஓட்டைப் பொட்டியிலயா வரப்போவுது?" என்றார் துரைராஜ். ஆனாலும் தவிட்டு மூட்டைக்குக் கீழே கிடந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியை அவரே இழுத்து வந்தார்.

அதிலும் எழுத்து ஓடத்தான் செய்தது. பச்சையம்மா பின்னால் கைவிட்டுத் திருப்பினாள். ஓட்டம் தளர்ந்தது. எழுத்துகள் ஒருதரம் தயங்கி ஏறி, நடுவில் வந்து நின்றுவிட்டன. ரமா நன்றி சொல்லத் திரும்புவதற்குள் பச்சையம்மா பால் கறக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சரியாக ஸ்ரீநிவாசராகவன் துரைராஜ் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். ரமா முதல் எழுத்தைத் தட்டவும் தோல் ஷெட்டில் மோட்டார் போடவும் சரியாக இருந்தது. படம் ஓடியது. பச்சையம்மா பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து படம் தெரியாது. "வந்துச்சா, வந்துச்சா" என்று கத்த வேண்டாமென ரமா முன்னமே சொல்லிவைத்திருந்தாள். அதனால் அவள் கரஸ்பாண்டென்டின் முகத்தையே பார்த்தாள். அவர் புருவம் ஏறினால் திருப்பினாள். முகம் தெளிந்தால் நிறுத்தினாள்.

"பதினேழாம் வாய்ப்பாடு போடச் சொல்லுங்கோ," என்றார் அவர். எந்த நம்பர் தட்டினாலும் அதன் வாய்ப்பாட்டைப் போடும்படி ரமா நாலு வரி எழுதிப் பதினேழைத் தட்டினாள்; திரை நிறைய வந்தது. "பதிமூணு பதினேழு இருநூத்தி இருபத்தொண்ணு... சரிதான்." கடைசி வரி வரை வாய்க்குள்ளேயே சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தார். "ரூமை எடுத்துக்கோங்கோ. ஆனா இந்த டிவியோட, பின்னாடி நிக்கற அம்மாவும் தினம் வரணுமே?"

"எதிர் வூடுதானே சார். வர்றேன்," என்றாள் பச்சையம்மா.

அவர் போன பிறகும் அவள் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. "டீச்சர், அதுல இன்னாதான் வந்துச்சு?"

ரமாவுக்கு வெட்கமாகப் போயிற்று. படத்தை நிறுத்தியவள் நின்ற படத்தைப் பார்க்கவே இல்லை. அவளை முன்னால் உட்காரவைத்துவிட்டு ரமா பின்னால் போய்த் திருகைப் பிடித்துக்கொண்டாள். "ஏதாவது நம்பர் தட்டி, வலதுபக்கப் பெரிய கட்டையை அழுத்துங்க."

பச்சையம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒன்பதைத் தட்டினாள். "ஓரொம்போது ஒம்போது... ஈரொம்போது பதினெட்டு..." உதடு அசைந்துகொண்டே போயிற்று. திடீரென்று நெற்றி சுருங்கியது. ரமா திருகை ஒரு நூல் திருப்பினாள்.

"நின்னுச்சு டீச்சர்," என்று பச்சையம்மா கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.