திவ்யாவுக்கும் சேர்த்து

மாமல்லபுரத்தில் பஸ் நின்றதும் நிற்காததுமாய் இறங்கி ஓடிய ஹெலனுக்கு, செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. கடற்கரை மணலில் கால் புதையப் புதைய, தனியாக உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் குனிந்து பார்த்தாள். யாரும் திவ்யா இல்லை. அவள் போன் அணைந்தே கிடந்தது. மத்தியானம் அதிலிருந்து கடைசியாக வந்த செய்தி மட்டும் ஹெலனின் கையில் இருந்தது: ‘மகாபலிபுரம் வந்துகீறேன். நீ நல்லா படிடி.’

இருவரும் எம்.பி.பி.எஸ். முதல் வருடம். செங்கல்பட்டு விடுதியில் ஒரே அறை.

திவ்யாவைக் காணோம் என்று பஸ்ஸிலிருந்தே வார்டன் பிரபா மேடத்துக்குச் சொல்லியிருந்தாள். மேடம் விசாரித்துவிட்டு, மத்தியானம் டிசெக்‌ஷன் ஹாலில் திவ்யா இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது, இருட்டுவதற்குள் வந்துவிடுவாள், பயப்படாதே என்றார்.

மத்தியானம் திவ்யாவாக இருந்தது ஹெலன்தான்.

அனாட்டமி தேர்வில் தோற்ற அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவள் திவ்யா. பிறகு வகுப்புக்கே போகவில்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதனால் ஹெலன் அவளுக்கும் சேர்த்து ஆஜர் சொன்னாள். பிணம் அறுத்துப் படிக்கும் அந்த ஹாலில் பார்மலின் நெடிக்கு எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பார்கள். தன் எண்ணுக்குத் தன் குரல். அவள் எண்ணுக்கு, மேசைக்குப் பின்னால் குனிந்து, அவளுடைய மெல்லிய குரல். “இன்னாடி, இன்னிக்கி நீ ஹெலனா, திவ்யாவா?” என்று தோழிகள் கலாய்ப்பார்கள். ஒருநாள் அறையில் ஹெலன் அந்தக் குரலில் பேசிக் காட்டினாள். திவ்யா சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ நான் இல்லன்னாலும் யாருக்கும் தெரியாதில்ல?”

பாராட்டுகிறாள் என்று நினைத்து ஹெலன் சிரித்தாள்.

அதையெல்லாம் பஸ்ஸில் சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தால் சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள். கூடுவாஞ்சேரியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா, மகளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டே வந்துவிட்டாள். இப்போது கடல் கறுத்துக்கொண்டிருந்தது.

மறுபடி மேடத்தைக் கூப்பிட்டாள். “அது நான்தான் மேடம். திவ்யா கிளாஸுக்கு வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது.”

மேடம் திட்டவில்லை. அங்கேயே இரு, போலீசுக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

போலீஸ்காரர்களின் டார்ச் வெளிச்சம் அலையோரம் அலைந்துகொண்டிருந்தபோது திவ்யாவின் அம்மா கண்ணகி கூப்பிட்டாள். மதுராந்தகத்திலிருந்து வண்டி பிடித்து வந்துகொண்டிருந்தாள். அவள் கேட்கும்போதெல்லாம், கிளாஸ்ல கீறா ஆன்ட்டி, சாப்ட்டா ஆன்ட்டி என்று சொல்லியிருந்ததும் ஹெலன்தான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எந்தத் தேர்வு, எந்த நாளிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை, எல்லாம்.

கண்ணகி முழுதும் கேட்டாள். பிறகு குரல் உயர்த்தாமலே சொன்னாள்.

“காலேஜு கத கேக்கலம்மா. நீ கூடவே படுத்துகினு இருந்த பொண்ணு. சொல்லு, எம் பொண்ணு எப்போலேருந்துமா தனியா கீறா?”