கன்னத்தில் நின்ற புகை

கார் பட்டறையில் மதியம் கம்ப்ரசரை அணைத்ததும் காதுக்குள் பொத்தென்று ஒரு வெறுமை விழும். அந்த வெறுமையோடு நான்கு பேரும் பெயிண்ட் கொட்டகைக்குப் பின்னால் போய், கவிழ்த்துப் போட்ட டின்களில் உட்கார்வார்கள். தாடி என்று எல்லோரும் கூப்பிடுகிற மூத்த பெயிண்டர் சட்டைப்பையிலிருந்து கஞ்சாச் சுருளை எடுத்துப் பற்றவைப்பார். அவர் கையிலிருந்து டிங்கருக்கு, டிங்கரிடமிருந்து பெரியவனுக்கு, பெரியவனிடமிருந்து அவன் தம்பி சின்னவனுக்கு. பெரியவன், சின்னவன் என்பது வீட்டில் அம்மா கூப்பிடுகிற பேர். பட்டறையிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அன்றைக்கும் பெரியவன் வாங்கினான். கன்னம் குழிய இழுத்தான். கண்ணை மூடி, கொஞ்ச நேரம் செத்தவன் மாதிரி இருந்து, மூக்கு வழியாக மெதுவாக விட்டான். அடிவயிறு வரைக்கும் போய்த் திரும்பிய புகை என்று கோயிலில் கற்பூரம் அணைத்துக்கூட எவனும் சத்தியம் பண்ணுவான். அது கன்னத்தைத் தாண்டியதே இல்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு நோய். பட்டறைக்கு வந்த புதிதில் தாடி நீட்டியதை ஒரே ஒரு முறை உள்ளே இழுத்துவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சும்மா ஜிவ்வுன்னு இருக்குண்ணே" என்றான். வேறென்ன சொல்ல? அவனுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன் சுருள் வேண்டாம் என்று சொன்னான். முதலாளியிடம் போட்டுக்கொடுக்கிறவன் என்று பேர் வைத்துவிட்டார்கள். அவனுக்குக் கடைசி வரைக்கும் உப்புத்தாள் தேய்க்கிற வேலைதான், ஸ்ப்ரே கன்னை யாரும் கையில் தரவில்லை. ஒரு நாள் அவன் செருப்பில் பெயிண்டை ஊற்றி வைத்தார்கள். மறுநாள் அவன் வரவில்லை. பட்டறையில் உண்மை பேசிப் பிழைத்த ஒருத்தனைக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். பெரியவன் கன்னத்தில் புகை நிறுத்தப் படித்துக்கொண்டான்.

அவர்களுக்கென்று ஒரு சாத்திரமும் இருந்தது. பெயிண்டர் நாளெல்லாம் பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடையை மூச்சில் இழுக்கிறான். அது நெஞ்சில் படிந்துவிடுகிறது. கஞ்சாத் தழைப் புகை போய் அதை அரித்து எடுத்துவிடும். இதைத் தாடிக்கு அவருடைய குரு சொன்னாராம், அவருக்கு யார் சொன்னார்களோ. டிங்கருக்குத் தின்னரோடு எந்த வேலையும் இல்லை. நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறவன். அவன் தன் பங்குக்கு, "சுத்தியல் கரெக்டா விழணும்னா தழை வேணும்பா" என்பான். சிகரெட்டு என்றால் புற்றுநோய், சாராயம் என்றால் ஈரல், இது வெறும் தழை, செடி, மண்ணில் முளைப்பது என்பார்கள். எருக்கும் மண்ணில்தானே முளைக்கிறது என்று கேட்கிற ஆள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

சின்னவன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு வந்த அன்று தாடி சுருளை அவன் பக்கமும் நீட்டினார். பையன் வாங்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் கேட்டது, ஒரு பார்வை. பெரியவன் "வேணாம்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் நீ எதுக்குடா இழுக்கிறே என்று டிங்கர் வாயைக் கிளறுவான். பெரியவன் தன் பங்கை வாங்கி, கண்ணை மூடி, மூக்கு வழியாக விட்டுக் காட்டினான். சின்னவன் அதைப் பார்த்துத்தான் வாங்கினான். அவனுக்கு நடிக்கத் தெரியாது. நெஞ்சு நிறைய இழுத்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அதுதான் வினையே. நிறம் சேர்ப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. பழைய வண்டியின் பெயிண்ட் வெயிலில் வெளுத்திருக்கும், டின்னில் வருகிற நிறம் அதோடு ஒட்டாது. சொட்டுச் சொட்டாக வேறு நிறம் விட்டுக் கலக்கி, அட்டையில் அடித்து, காயவைத்து, வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். அந்த வெள்ளையையே சின்னவன் ஒரே கலக்கில் சேர்த்தான். "தழை போட்டாத்தாண்ணே கண்ணு தெறக்குது" என்பான். தாடி அவன் முதுகில் தட்டுவார். பெரியவனுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

பிறகு கண் அளவுக்கு மேல் திறந்துகொண்டது. ஒரு வெள்ளைக் காரின் பின்கதவு. அடித்து முடித்து, காய்ந்து, எல்லோரும் பார்த்துச் சரி என்றார்கள். சின்னவன் மட்டும் ஒட்டவில்லை என்றான். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடியும் ஒட்டவில்லை. வண்டிக்காரர் வந்து, "தம்பி, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, வண்டியக் குடுப்பா" என்று கெஞ்சினார். "உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி பேசச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றான் அவன். சொல்லும்போது டிங்கரைப் பார்த்தான். டிங்கர் சிரித்தான், வேடிக்கை என்று நினைத்து. வேடிக்கை இல்லை என்பது வீட்டில் தெரிந்தது. அம்மா தட்டில் வைத்த சோற்றைத் தொடமாட்டான். "நீ மொதல்ல சாப்புடு" என்பான். அவள் ஒரு வாய் அள்ளி விழுங்கிக் காட்டிய பிறகு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் அழவில்லை. தினமும் ஒரு வாய் விழுங்கிக் காட்டினாள்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். படித்தவன் பேச்சு பாதி காதில் ஏறவில்லை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னான். இது எல்லாருக்கும் இப்படிச் செய்வதில்லை, சிலருக்குச் செய்துவிடும். உன் தம்பி அந்தச் சிலரில் ஒருத்தன். கஞ்சாவை நிறுத்தினால் மாத்திரை வேலை செய்ய வழி உண்டு, இழுத்துக்கொண்டே இருந்தால் இந்தப் பையனைத் திரும்பப் பார்ப்பது கஷ்டம். வெளியே வந்து பெரியவன் தம்பியின் கையைப் பிடித்தான். "விட்டுடுடா. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

சின்னவன் கையை உருவிக்கொள்ளவில்லை. பாசமாகத்தான் பேசினான். "நீ என்னிய விட எவ்வளவு வருஷம் முன்னாடிலேர்ந்து இழுக்கறேண்ணே? உனக்கு என்ன ஆச்சு? வேலைக்குப் போற, வர்ற, தூங்கற. ஒரே வயித்துலதான பொறந்தோம்? உனக்கு ஆகாதது எனக்கு மட்டும் எப்படி ஆகும்? அந்த டாக்டரு சும்மா காது குத்தறான்."

தழை கெடுதல் இல்லை என்பதற்குத் தம்பி கையில் வைத்திருந்த ஒரே சாட்சி பெரியவன்தான்.

முதலாளி அடுத்த விடுமுறை நாள் வரைக்கும் கெடு வைத்தார். அந்தக் கதவை முடித்துத் தர வேண்டும், அதன் பிறகு சின்னவன் பட்டறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அந்த விடுமுறை நாளில் காலையிலேயே அவன் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பெயிண்ட் போய், பிரைமர் போய், தகட்டில் பூசிய பட்டி போய், அங்கங்கே தகடு பல்லைக் காட்டியது. பெரியவன் தாடியையும் அழைத்துக்கொண்டு வந்தான். தான் சொல்லப்போவதற்குப் பெரிய மனுஷன் ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும் என்று. வாசலிலேயே அவரை நிறுத்தி விஷயத்தைச் சொன்னான். தான் இத்தனை வருடமும் ஒரு புகையும் உள்ளே விட்டதில்லை என்றான்.

தாடி பட்டறைக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"நீயுமாடா?" என்றார்.

"என்னண்ணே?"

"நான் விட்டு ரொம்ப நாளாச்சு. நெஞ்சு படபடன்னு வருது. வாயில வெச்சு எடுக்கறதோட சரி. மூத்தவனே வேணாம்னா நீங்கல்லாம் என்ன நெனப்பீங்களோன்னு..." தாடியைச் சொறிந்தார். "டிங்கரு இருக்கானே, அவனுக்குத் தலைவலி. உதட்ட நனைச்சுட்டுத் தள்ளிவிடுவான். ஒரு நாள் தண்ணியப் போட்டுட்டு எங்கிட்ட அழுதான். யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணேன்னான்."

நாலு பேர் வட்டம். ஒருத்தனுக்கொருத்தன் பயந்து, மூன்று பேர் வாயில் வைத்து எடுத்திருக்கிறார்கள். சுற்றி வந்த நெருப்பு மொத்தமும் கடைசியில் உட்கார்ந்திருந்தவன் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது.

இரண்டு பேருமாக உள்ளே போனார்கள். பெரியவன் சொன்னான். முழுசாகச் சொன்னான், இழுப்பு, வாந்தி, செருப்பில் ஊற்றிய பெயிண்ட் எல்லாம். தாடியும் தன் பங்கைச் சொன்னார். சின்னவன் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டான். பிறகு உப்புத்தாளைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"ரெண்டு பேரும் வாசல்ல நின்னு பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்க. நான் பாத்தேன்."

"இல்லடா, அம்மா மேல சத்தியமா."

"அம்மாவ இதுல இழுக்காத. அவங்களையும் நீதான் கூட்டு சேத்து வெச்சிருக்க." சின்னவன் குரல் உயரவில்லை. "ஒருத்தர் சொன்னா நெசமோன்னு நெனைக்கலாம். ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னா அது பாடம் பண்ணது."

"நான் வெளிய நிக்கறேன்பா" என்று தாடி நழுவினார். வாசலில் நிற்கவும் இல்லை, அவர் செருப்புச் சத்தம் தெருவோடு போய்விட்டது. அவரைக் குறை சொல்லி என்ன? அவர் கையிலிருந்துதானே பையன் முதலில் வாங்கினான்.

சின்னவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துப் பற்றவைத்து நீட்டினான். "இந்தா. உள்ள விட்டா ஒத்துக்காதுன்னு சொன்னல்ல? விடு. பாக்கறேன்."

பெரியவனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது, அட, இவ்வளவு சுலபமா என்று. கண்ணால் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும். வாங்கினான். கன்னத்தில் நிறுத்தவில்லை. தொண்டையைத் திறந்து, பயத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, நெஞ்சு முட்ட இழுத்தான். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அடுத்த நொடி நெஞ்சுக்குள் யாரோ உப்புத்தாள் வைத்து இழுத்தார்கள். முட்டி போட்டு விழுந்தான். இருமினான், மூச்சு உள்ளே போகாமல் விசில் அடித்தது, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது, காலையில் குடித்த டீ தரையில் வந்து விழுந்தது. அந்த நிலையிலும் தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தான். பார்த்துக்கோடா, இதுதான்டா உண்மை என்று கெஞ்சுகிற பார்வை.

சின்னவன் குனிந்து அவன் கையிலிருந்ததைப் பத்திரமாக வாங்கிக்கொண்டான். முகத்தில் கோபம் இல்லை. ஒரு வியப்புத்தான் இருந்தது.

"எவ்வளவு நல்லா நடிக்கறண்ணே நீ!"

பெரியவன் கையை ஆட்டினான். இருமலை நிறுத்தினால் நடிப்பு என்பான், நிறுத்தாவிட்டாலும் நடிப்பு என்பான். அதை யோசிக்கிற தெம்பும் இல்லை. சின்னவன் குவளையில் தண்ணீர் மொண்டு வந்தான். அண்ணனின் தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தான். "குடி. போதும், விடு. எதுக்கு இவ்ளோ கஷ்டப்படற?" முதுகை மேலும் கீழும் தடவிக்கொடுத்தான். அவன் உள்ளங்கையின் ஈரமும் பட்டிப் பிசுக்கும் சட்டையைத் தாண்டித் தோலில் பட்டன.

பிறகு அண்ணன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, தோளோடு தோள் சாய்ந்துகொண்டான். யாரையும் பக்கத்தில் அண்டவிடாதவன், அம்மா தொட்டாலே துள்ளி விலகுகிறவன், முழுக் கனத்தையும் அண்ணன் மேல் போட்டுச் சாய்ந்திருந்தான். பெரியவன் மூச்சை அடக்கிக்கொண்டான். அசைந்தால் இது போய்விடும். கொட்டகைத் தகரம் வெயிலில் படக் படக்கென்று விரிந்தது. சின்னவன் நிதானமாக ஒரு முறை இழுத்துவிட்டு, முன்னால் பார்த்தபடியே, சுருள் இருந்த கையை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இப்ப ஒழுங்கா இழு, எப்பவும் இழுக்கற மாதிரி."

நீட்டிய கை அப்படியே நின்றது. தோளில் தம்பியின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிற்று. சுருளின் நுனியில் சாம்பல் விழாமல், வளைந்து, நீண்டுகொண்டே போனது.