சறுக்குமரத்தில் ஒரு மரிமோண்டா

கார்னிவல் சனிக்கிழமையில் யார் மாவு வீசினாலும் கோபப்படக் கூடாது என்பது எங்கள் ஊர் பாரன்கியாவின் எழுதாத சட்டம். ஆனால் கோபம் என்னைக் கேட்டுக்கொண்டா வருகிறது? தெருப்பிள்ளைகள் பூங்காவின் சறுக்குமரம் முழுக்கச் சோளமாவைக் கொட்டி வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் என் புருஷன் எடின்சன் மரிமோண்டா என்கிற கார்னிவல் கோமாளி வேஷத்தில் குதித்துக்கொண்டிருந்தான். தும்பிக்கை மூக்கு, முறம் போன்ற காதுகள், பளபளக்கும் சட்டை, முழங்கால் வரை தொங்கும் டை. டை இல்லாத மரிமோண்டாவைப் பார்த்து ஊரே கைகொட்டிச் சிரிக்கும். எங்கள் மூன்று வயது மகள் மைரேத்துக்கும் அதே வேஷம், சின்ன டை. எல்லாம் என் கைத்தையல்.

மைரேத் முதன்முதலாகச் சறுக்கப் போகிறாள்.

“மடியில வச்சு நான் கூட்டிட்டு வந்துடறேன்,” என்றான் எடின்சன்.

“மடியிலயா? பக்கத்து வீட்டு தெயானிரா போன வருசம் அப்படித்தான் இறங்கினா. பிள்ளை கால் ஓரத்துல மாட்டிச்சு, இவ கனம் பின்னாலேர்ந்து தள்ளிச்சு, மடக்குனு எலும்பு போச்சு. கார்னிவல் பூரா மாவுக்கட்டோட கிடந்துச்சு. தனியா வந்தா மாட்டினாலும் நின்னுடுவா.”

“தெயானிரா கனம் என்ன, என் கனம் என்ன!”

“ஆமாய்யா, நீ அவளவிட முட்டை அரேப்பா ரொட்டி நாலு கூடத் திங்கிறவன்!”

சுற்றி நின்றவர்கள் ஊளையிட்டார்கள். நான் மைரேத்தின் முகமூடியைக் கழற்றினேன். கண் தெரியாமல் எப்படி இறங்குவாள்?

“டையாவது இருக்கட்டும்டி, போட்டோவுக்கு,” என்று கெஞ்சினான். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

“முதல்ல நான் இறங்கிக் காட்டறேன்!”

ஏறினான். விசில் ஊதினான். உட்கார்ந்தான். காற்றில் தோளுக்குப் பின்னால் பறந்த டை, கைப்பிடியில் துருத்திக்கொண்டிருந்த போல்ட்டில் சுற்றிக்கொண்டது. கையை விட்டதும் ஒரு கணம் அப்படியே பின்னால் இழுபட்டு நின்றான். பிறகு டர்ரென்று ஒரு சத்தம். மாவில் வழுக்கி, மணலையும் தாண்டிப் பறந்துபோய், மேளக்காரர் காலடியில் மல்லாக்க விழுந்தான்.

“ஐயோ, என்னா வேகம்! இன்னொரு தடவை!” பூங்காவே கூத்தாடியது. எனக்கும் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

எடின்சன் முகமூடியைக் கழற்றினான். அவன் சிரிக்கவில்லை. மேலே போல்ட்டில் பாதி டை ஆடிக்கொண்டிருந்தது. அவன் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

“மட்டமான தையல்னு காலையில உன்னைக் கேலி பண்ணேனே,” என்றான் கரகரத்த குரலில். “அதனாலதான் பொழச்சேன்.”

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மைரேத்தின் டைக்கு மட்டும், ஆசையாக, இரட்டைத் தையல் போட்டிருந்தேன்.

இருவரும் ஒரே நேரத்தில் அவள் கழுத்துக்குப் பாய்ந்தோம். முடிச்சை யார் அவிழ்த்தது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு நான் மேலே ஏறி, புதுப்பாவாடையாலேயே மாவைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். சனங்கள் கைதட்டினார்கள். தட்டட்டும். எடின்சன் கீழே மணலில் மண்டியிட்டுக் கைகளை விரித்தான்.

மைரேத் வந்தாள். காலை முன்னால் நீட்டி, மெதுவாக, நடுவில் ஒருமுறை நின்று எங்களைப் பார்த்து இளித்துவிட்டு. மணலைத் தொட்டதும் விரித்த கைகளைக் கண்டுகொள்ளாமல் எழுந்து மறுபடி படிக்கு ஓடினாள்.

“அப்பா, நீ வராத! நீ விழுந்துடுவ!”

மறுபடி ஒரே சிரிப்பு. எடின்சன் மணலிலேயே உட்கார்ந்து, சரி சரி என்று தலையாட்டியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.