குறுவையின் மோவாய்

தியாகராசன் பதினான்கு வருஷமாகப் பாசன விவசாயிகள் சங்கத்தின் தலைவர். வலங்கைமான் பக்கம் எந்த மேடையில் மைக் இருந்தாலும் அதற்குப் பின்னால் அவர் இருப்பார். அப்பேர்ப்பட்டவர், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பூனையின் மோவாயை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வெள்ளை மோவாயில் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். மறுபடியும்.

"வந்துட்டுதா?" என்றாள் மனைவி மாலதி.

"இல்ல. சாப்பிட்டது ஒட்டியிருக்கு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் வீங்கி ரத்தம் வந்துது."

குறுவைப் பயிர் நடவு நேரத்தில் வரப்பில் கிடைத்த குட்டி என்பதால் அதற்கும் குறுவை என்றே பெயர். 'மாலதி வளர்க்கிறா' என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்வார். ஆனால் போன தடவை மோவாய் வீங்கி, வலியில் அது மீனைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிய இரண்டு நாளும், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனது மாலதி அல்ல.

அப்போதே தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்க் கால்நடை டாக்டர் பூவிழியிடம் காட்டினார்கள். மனிதருக்கு வரும் முகப்பரு மாதிரிதான் என்றார் டாக்டர். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கீறல் விழுந்தால் அழுக்கும் கிருமியும் தங்கும். எவர்சில்வருக்கு மாற்றுங்கள், தினம் கழுவுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி மருந்தால் துடையுங்கள், கிள்ள மட்டும் கிள்ளாதீர்கள். அப்படியே செய்தார்கள். மூன்று வாரத்தில் மோவாய் பளிச்சென்று ஆனது. உரத் தட்டுப்பாடு பற்றிக் கூடிய கூட்டத்தில் தலைவர் பத்து நிமிஷம் பூனைப் பருவை ஒழித்த வரலாறு பேசினார். உரம் பற்றிப் பேச நேரமில்லை.

ஒழிந்ததாக அறிவித்த ஐந்தாவது வாரம் இது.

மறுபடியும் கூடையில் வைத்து மூடி, மாலதி மடியில் பிடித்துக்கொள்ள, வண்டி தஞ்சாவூர் போனது. வழியெல்லாம் கூடை கத்தியது.

"இது சுகர் மாதிரி சார்," என்றார் பூவிழி. "அடியோட போயிடும்னு சொல்ல முடியாது. கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். ஆனா இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக் கூடாது. எண்ணெயா பிசுபிசுங்குது, மஞ்சள் வேற. எண்ணெய் போட்டா இன்னும் அடைச்சுக்கும். யாரு போட்டது?"

"நாங்க போடல."

"அப்ப வேற எங்கயோ போயி சாப்பிடுது."

"எங்க வீட்டுப் பூனை கண்ட வீட்டுல கை நனைக்காது டாக்டர்."

டாக்டர் பூனையைப் பார்த்தார். பூனை சுவரைப் பார்த்தது.

மறுநாள் சாயங்காலம் தியாகராசன் கொல்லைப்பக்கம் நின்று கண்காணித்தார். குறுவை சோம்பல் முறித்தது. வேலியின் ஓட்டை வழியாக, பல நாள் பழகிய நடையில், பக்கத்து வீட்டுக்குள் போனது. துரைக்கண்ணு வீடு.

பதினொரு வருஷமாக அந்த வீட்டில் இவர்கள் கை நனைப்பதில்லை. கல்யாணம், சாவு எதற்கும் போக்குவரத்து கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்த வருஷம், தலைவர் தன் முறை முடிந்தும் மடையை அடைக்காமல் ஒரு நாள் கூடுதலாக விட்டுக்கொண்டார். கடைசியில் இருந்த துரைக்கண்ணுவின் நாற்றங்கால் காய்ந்துபோனது. கேட்டதற்கு, "மேலேர்ந்தே தண்ணி வரல" என்றார். ஊரும் நம்பியது. நம்பாதவர் ஒருவர்தான்.

அந்த ஒருவர் இப்போது கொல்லைப்படியில் உட்கார்ந்து, ஐஸ்கிரீம் டப்பாவில் அவித்த மீனை முள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நீல நிறப் பிளாஸ்டிக் டப்பா. பூனை சாப்பிட்டு முடித்ததும் அதன் மோவாயைத் தூக்கி, தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சளை ஒற்றை விரலால் பூப்போலத் தடவினார்.

"ஆறலியேடி," என்றார் அதனிடம். "யாரு வீட்டுல என்னத்தத் திங்கிறியோ."

தியாகராசன் சத்தம் போடாமல் திரும்பி வந்து மாலதியிடம் சொன்னார்.

"போயி சொல்லுங்க," என்றாள் மாலதி. "சும்மா சொன்னா ஆச்சா, ஒரு தட்டும் கொண்டுபோங்க. மோவாய் இடிக்காத தட்டையான தட்டா இருக்கணுமாம்."

"எடு."

அவள் அலமாரியைத் திறந்து, பொன்னாடைகளுக்கு நடுவே நின்றிருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டினாள்.

"அது விருது."

"தட்டையா இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தட்டைத் தாழ்த்தவில்லை.

வேலியைச் சுற்றி வாசல் வழியாகத்தான் போனார். துரைக்கண்ணு எழுந்திருக்கவில்லை.

"வாங்க தலைவரே. மைக் எதுவும் இங்க இல்லியே."

"பூனை விஷயமா வந்தேன்." மேடைக்குப் பழகிய குரல் பாதியில் இறங்கிவிட்டது. "பிளாஸ்டிக்ல போட்டா பரு வருதாம். எண்ணெயும் ஆகாதாம். டாக்டரம்மா சொன்னாங்க. இதுல போடுங்க."

துரைக்கண்ணுவின் கை டப்பாவின் மேலேயே நின்றது. "அப்ப என்னாலதானா?"

"தெரியாம செஞ்சதுதானே. நான் நாலு மாசம் பிளாஸ்டிக்லதான் போட்டேன்."

துரைக்கண்ணு தட்டை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, வெட்டியிருந்த எழுத்துகளை எழுத்துக் கூட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"கடை மடைக்கும்... சமமாய்... நீர் பங்கிட்ட... பாசனச் செம்மல்..." நிமிர்ந்தார். "இது எந்த வருஷம் குடுத்தது?"

எந்த வருஷம் என்பதும் கீழே வெட்டியிருந்தது. நாற்றங்கால் காய்ந்த வருஷம்தான்.

குறுவை இரண்டு பேர் காலையும் மாறி மாறி உரசியது.

"தப்பா வெட்டிட்டாங்க," என்றார் தியாகராசன். "அன்னிக்கு மடையை நான்தான் அடைக்கல."

துரைக்கண்ணு தட்டைக் கழுவி, வேட்டி முனையால் துடைத்து, மீதி மீனைப் பாசனச் செம்மலின் பெயர்மேல் வைத்தார். குறுவை 'செம்மல்' பக்கத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது.

"பஞ்சு வெச்சு எப்படித் துடைக்கணும்?" என்று கேட்டார்.

தியாகராசன் படியில் உட்கார்ந்து, பையிலிருந்த மருந்தை எடுத்துக் காட்டினார். அழுத்தக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். துடைத்த பிறகு ஈரம் நிற்கக் கூடாது.

"திரும்பவும் வருமாம்," என்றார். "கட்டுக்குள்ளதான் வெச்சுக்கணுமாம். காலையில நான் துடைச்சிடறேன்."

"சாயங்காலம் என் முறை."

"சரி."

"முறைன்னா முறைதான். அதுல ஒரு நாள் கூட எடுத்துக்கிற வேலை வேணாம்."

"இல்ல."

துரைக்கண்ணு உள்ளே போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் இரண்டு டம்ளர் டீ.

சர்க்கரை சேர்க்கக் கூடாது என்று தியாகராசனுக்கும் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லாமல் வாங்கிக் குடித்தார்.