முதலாளி வீட்டுச் சிவப்பு வட்டம்

அந்தப் படம் அவ்வளவு அழகா இருந்ததுதான் எனக்கு முதல்லயே பிடிக்கல.

லிஃப்ட் பழுது பாக்கற கம்பெனி எங்களோடது. டேட்டாபேஸ் என் பொறுப்பு. எந்தக் கட்டிடத்துல எந்த இரும்புக் கயிறு, எந்தக் கயித்துல என்ன கோளாறுன்னு எல்லாம் அதுல தனித்தனி அட்டவணையில கிடக்கும். அதையெல்லாம் வட்டமும் கோடுமா இணைச்சு, ஒரே வரைபடமா திரையில காட்டற மென்பொருள் வாங்கணும். போட்டியில ரெண்டு. ஒண்ணு இலவசம், பாக்க சகிக்காது, சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி கோடுகள். இன்னொண்ணு முதலாளியோட மாப்பிள்ளை விக்கறது. கலர் கலரா, தொட்டா நழுவுற வட்டங்கள். ரெண்டுலயும் கோளாறுன்னா சிவப்பு, நல்லா இருந்தா பச்சை.

"உங்க டேட்டாபேஸ்லேருந்து உடனுக்குடன் எடுக்குதுங்க"ன்னார் மாப்பிள்ளை. எடுத்த மாதிரி தெரியலையே! நான் நேத்து சேர்த்த கட்டிடம் எங்கேன்னு கேட்டா, காபி குடிக்கலாமான்னு பேச்சை மாத்தறார்.

"உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான் அக்கா"ன்னு தம்பி சிரிச்சான். அவன் இங்க மெக்கானிக். இனிமே இந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கணும். அறுந்த கயித்தை நல்ல கயிறுன்னு காட்டினா அவன் கதி என்ன? மாப்பிள்ளைக்கு என்ன வந்துச்சு!

முடிவு பண்ற அன்னிக்கு, கூட்டத்துக்கு முன்னாடி டேட்டாபேஸ்ல ஒரு பொய்த் தகவலைச் சேர்த்தேன். கோளாறு: கயிறு இழை அறுந்திருக்கு. கட்டிடம்: முதலாளி குடியிருக்கற அபார்ட்மென்ட்.

மாப்பிள்ளை படம் முதல்ல வந்தது. முதலாளி வீடு பச்சைப்பசேல்னு இருந்துச்சு. "பிரமாதம்!"னார் முதலாளி.

அடுத்தது இலவச மென்பொருளோட அந்தச் சிக்கல் படம். நடுவுல ஒரே ஒரு சிவப்பு வட்டம். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கிட்டு கிட்டப் போய்ப் படிச்சார். முகம் வெளிறிப்போச்சு. போனை எடுத்து, "அம்மா, லிஃப்ட்ல ஏறாதே! யாரையும் ஏற விடாதே!"ன்னு கத்தினார்.

"அது நான் சேர்த்த பொய் சார். கயிறு நல்லாத்தான் இருக்கு."

"என்ன திமிர் உனக்கு! ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு எனக்கு!"

எனக்கு வாய் அடங்கல. "உங்களுக்கு ஒரு நிமிஷம் சார். இந்தப் பச்சையை நம்பி என் தம்பி தினமும் இறங்கணும்."

முதலாளி மெதுவா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "இப்ப இருக்கறதைக் காட்டுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை பட்டனை அழுத்தினார். திரும்பவும் அழுத்தினார். வீடு பச்சையாவே இருந்துச்சு.

முதலாளி போனை அணைக்க மறந்திருந்தார். அதுலேருந்து அவங்க அம்மா குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு: "டேய், ஏறலாமா வேண்டாமாடா?"